பொம்மைப் படம் யாருக்கு?

"பொம்மைப் படம்தானே, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள்." திரையில் ஒரு கார்ட்டூன் உருவம் தலைகாட்டினால் போதும், நம் வாயில் இந்தப் பேச்சு வந்துவிடும். ரஜினிகாந்த் கார்ட்டூன் விலங்குகளோடு ஆடிப்பாடிய 'ராஜா சின்ன ரோஜா' (1989) காலத்திலேயே இந்த எண்ணம் நம்மிடம் ஊறிவிட்டது. அந்தப் பாட்டு குழந்தைகளுக்கானதுதான். அதற்காக, நடிகர்களும் ஓவியங்களும் கலந்த படமெல்லாம் அவர்களுக்கானதா?

ராபர்ட் ஜெமெக்கிஸின் 'ஹூ ஃப்ரேம்ட் ராஜர் ராபிட்' (1988) படத்தையே பாருங்கள். முயலின் சேட்டை கண்ணில் பட்டதும் அதைக் குழந்தைகள் கணக்கில் எழுதிவிட்டோம். கதையோ 1947-இன் லாஸ் ஏஞ்சலிஸில் நடக்கிறது. தன் சகோதரனின் தலையில் கார்ட்டூன் ஒன்று பியானோவைப் போட்டுக் கொன்ற நாளிலிருந்து குடியில் விழுந்துகிடக்கும் துப்பறிவாளன்தான் நாயகன். கார்ட்டூன்கள் மேடையில் ஆடலாம், வாடிக்கையாளராக நுழையக் கூடாது என்றொரு கேளிக்கை விடுதி வருகிறது. கறுப்பினக் கலைஞர்கள் ஆட, வெள்ளையர்கள் அமர்ந்து ரசித்த நியூயார்க்கின் காட்டன் கிளப்பை அறிந்தவருக்கு அங்கே சிரிப்பு வராது. நெடுஞ்சாலை போடுவதற்காக கார்ட்டூன்களின் குடியிருப்பையே கரைத்தழிக்கத் துணிகிறார் ஒரு நீதிபதி. டிஸ்னியே இதைத் தன் பெயரில் வெளியிடாமல் டச்ஸ்டோன் என்ற வேறொரு பெயரில்தான் வெளியிட்டது.

'கில் பில்' (2003) முதல் பாகத்தில் கட்டிலுக்கடியில் ஒளிந்த சிறுமி, பெற்றோர் கொல்லப்படுவதைப் பார்க்கிறாள். அந்தப் பகுதி மட்டும் ஓவியம். நிஜக் குழந்தையை நடிக்கவைத்திருந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்போம். கோடு நம்மைப் பார்க்கவைக்கிறது. 'ஆளவந்தான்' (2001) படத்தில் மனம் பிறழ்ந்த நந்துவின் வன்முறை ஓவியமாக மாறுவதும் இப்படித்தான். கேமரா எட்டாத மனத்துக்குள் அது நுழைகிறது.

வயது வந்தோருக்கு என்றாலே கவர்ச்சி என்று நினைத்துத் தடுக்கி விழுந்த 'கூல் வேர்ல்ட்' (1992) போன்ற படங்களும் உண்டு. அந்தப் பழியை வடிவத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

பாரதி 'இந்தியா' பத்திரிகையில் கேலிச்சித்திரம் வெளியிட்டது குழந்தைகளுக்காகவா? அட்டையில் வந்த ஒரு கேலிச்சித்திரத்துக்காக 1987-இல் தமிழ்நாடு சட்டமன்றம் ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனைச் சிறைக்கு அனுப்பியது. தாளில் வந்த கோட்டுக்கு அத்தனை கோபப்பட்ட ஊர் இது. அதே கோடு திரையில் அசைந்தால் மட்டும் அது விளையாட்டுச் சாமானா? அடுத்த முறை பிள்ளைக்கு டிக்கெட் எடுக்கும் முன் தணிக்கைச் சான்றிதழைப் பாருங்கள்; பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போகவேண்டிய படமாகவும் அது இருக்கலாம்.