ரோஜாவின் நிறமாற்றம்

சில ஆண்டுகள் செந்நிறமாகப் பூத்து வந்த ரோஜாச் செடி இளஞ்சிவப்பு மலர்களைத் தரத் தொடங்குமாயின், மண்ணையும் உரத்தையும் குறை கூறுவது வழக்கம். செடியை விற்றவர் மீதும் பழி விழுகிறது. இப்பழி பெரும்பாலும் பொருந்தாது. மண்ணின் அமிலத்தன்மைக்கேற்ப நிறம் மாறுவது ஹைட்ரான்ஜியா மலராகும். ரோஜாவுக்கு அவ்வியல்பு இல்லை.

நாற்றுப் பண்ணைகளில் உயர்ந்த வகையின் மொட்டை வேறொரு வேர்ச்செடியின் மீது கட்டுகின்றனர். வட இந்தியச் சமவெளிகளில் இதற்கு எட்வர்டு ரோஜா பெரிதும் பயன்படுகிறது. அதன் மலர் இளஞ்சிவப்பு. கட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் போத்து மிக்க வீரியத்துடன் வளர்ந்து, மேற்பகுதிக்குரிய உணவையும் நீரையும் கவர்ந்துகொள்கிறது. நாளடைவில் மேற்பகுதி மடிய, வேர்ச்செடியே எஞ்சி நின்று பூக்கிறது. அந்நிலையில் எந்த உரமும் பழைய மலரை மீட்டுத் தாராது.

ஆதலின் போத்தை முன்னரே அறிதல் வேண்டும். ஏழு சிற்றிலைகள் இருப்பின் போத்து, ஐந்து இருப்பின் நல்ல கிளை எனச் சில ஆசிரியர்கள் கற்பிப்பதுண்டு. தோட்ட வகைகள் பலவற்றிலும் ஏழு சிற்றிலைகள் காணப்படுவதால், இவ்விதியைக் கைவிடுவதே நலம். இதை நம்பி நல்ல கிளைகளை வெட்டியெறிவோரும் உளர். மண்ணை விலக்கி, கிளை பிறக்கும் இடத்தைப் பார்ப்பதே தக்க சோதனை. போத்தைத் தரைமட்டத்தில் வெட்டினால் மீண்டும் தழைக்கும். பிறந்த இடத்திலேயே பிய்த்தெடுக்க வேண்டும்.

கோடையில் மலர் வெளிறுவது தற்காலிகமே. கட்டுக்கு மேலுள்ள ஒரு கிளை மட்டும் புதுநிறத்தில் பூப்பின், அது திடீர் மாற்றமாக இருக்கலாம். ‘பீஸ்’ வகையில் இவ்வாறு தோன்றிய ‘சிகாகோ பீஸ்’ 1962-இல் வெளியிடப்பட்டது. அத்தகைய கிளையைக் கவாத்தில் இழந்துவிடாமல், அதன் மொட்டைக் கட்டிப் பார்க்குமாறு களப்பணியாளர் தோட்டக்காரருக்குக் கூறுதல் வேண்டும்.