அந்தமானில் எந்தத் தீபாவளி?

தில்லி செங்கோட்டையில் 2025 டிசம்பரில் கூடிய யுனெஸ்கோ குழு, மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகள் பட்டியலில் தீபாவளியையும் சேர்த்தது. மகிழ்ச்சிக்குரிய செய்தி. ஆனால், பட்டியலில் ஏறியது எந்தத் தீபாவளி என்று கேட்டால் தலைநகரில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றே: வனவாசம் முடிந்து ராமர் அயோத்தி திரும்பிய நாள், அமாவாசை மாலையில் விளக்கேற்றி லட்சுமியை வழிபடும் நாள். தமிழரின் தீபாவளி இந்த விளக்கத்துக்குள் அடங்காது என்பதை நாம் அறிவோம். வங்காளியின், தெலுங்கரின், சீக்கியரின் தீபாவளியும் அடங்காது. இவர்கள் அனைவரும் அக்கம்பக்கத்தில் வசிக்கும் நிலப்பரப்பு ஒன்று இந்தியாவில் உண்டு. அதுதான் அந்தமான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிகோபார் தீவுகளில் வசிப்போர் 3,80,581 பேர். வங்காளம் பேசுவோர் சுமார் 28 சதவீதம், ஹிந்தி பேசுவோர் 19, தமிழர் 15, தெலுங்கர் 13. எம்மொழியினருக்கும் அங்கே பெரும்பான்மை இல்லை. 1858-இல் வந்திறங்கிய கைதிகளின் வழித்தோன்றல்கள், 1949 முதல் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து குடியேறியவர்கள், பிழைப்புத் தேடிக் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும், 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத்திலிருந்து திருப்பியனுப்பப்பட்டுக் கச்சால் தீவின் ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்ட தமிழ்க் குடும்பங்கள் என்று ஒவ்வொருவரும் ஒரு தீபாவளியைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள்.

சதுர்த்தசி மாலையில் வங்காளிகள் பதினான்கு அகல் விளக்குகளை ஏற்றுகின்றனர். பதினான்கு தலைமுறை முன்னோருக்கானவை அவை. அந்த முன்னோரின் சாம்பல் கரைந்த ஆறுகள் இன்று வேறொரு நாட்டில் ஓடுகின்றன. விளக்குகள் அணைந்த சில மணி நேரத்திலேயே தமிழ் வீடுகளில் நல்லெண்ணெய்க் கிண்ணமும் சீயக்காயும் எடுத்து வைக்கப்படுகின்றன. சதுர்த்தசி ஒன்றே, அதன் முன்னிரவு ஒருவருக்கு, விடியற்காலை மற்றவருக்கு. அடுத்த அமாவாசை இரவு காளி பூஜை. அதே மாலையில் வட இந்தியர் வீடுகளில் லட்சுமி பூஜை. தமிழர் வீடுகள் சிலவற்றில் அதிரசம் படைத்துக் கேதார கௌரி நோன்பு. வங்கக் கடலின் கீழ்க்கோடியில் இருந்துகொண்டு இந்திய நேரத்தையே பின்பற்றுவதால், ஐப்பசியில் அங்கே காலை ஐந்தே கால் மணியளவில் சூரியன் உதித்துவிடுகிறது. மாலை ஐந்து மணியளவிலேயே இருட்டிவிடுகிறது. விடியுமுன் எண்ணெய் முழுக்கு முடிய வேண்டும் என்றால் மூன்றரை மணிக்கே அடுப்பு மூட்ட வேண்டும் என்பது தீவுத் தமிழ்ப் பெண்களின் பாடு.

அந்த வெந்நீரைப் பற்றிச் சற்று நின்று சிந்திக்கலாம். முதல் நாளே அண்டாவைக் கழுவிப் பொட்டிட்டு நீர் நிரப்பி வைப்பது நம் வழக்கம். சதுர்த்தசி விடியலில் எண்ணெயில் லட்சுமியும் வெந்நீரில் கங்கையும் குடியிருப்பதாக நம்பிக்கை. "கங்கா ஸ்நானம் ஆயிற்றா?" என்று விசாரித்துக்கொள்வது அதனால்தான். கடல் கடந்தால் சாதி போகும் என்று நம்பிய காலத்தில், காலாபானி என்ற சொல்லே தூக்குமேடைக்கு நிகரான அச்சத்தைத் தந்தது. சாத்திரம் மறுத்த அந்தக் கரையில், தமிழ்ப் பெண் காய்ச்சும் அண்டா நீருக்குள் கங்கை தவறாமல் வந்துவிடுகிறாள். கோயிலும் தேரும் ஆறும் தேவைப்படாமல், அடுப்படியிலேயே தொடங்கிவிடும் பண்டிகை என்பதால்தான் இது அகதியோடும் கூலியோடும் கப்பலேற முடிந்தது.

பொருளிலும் அந்தமானுக்கென்று ஓர் அழுத்தம் உண்டு. நரகாசுரன் கதையில் வதம்தான் நமக்கு நினைவிருக்கிறது. அவன் சிறைப்படுத்தியிருந்த 16,000 பெண்கள் விடுவிக்கப்பட்டதும் அக்கதையே. சீக்கியரோ குவாலியர் கோட்டைச் சிறையிலிருந்து குரு ஹர்கோவிந்த் 52 சிற்றரசர்களையும் உடன் விடுவித்துக்கொண்டு வெளிவந்ததை இந்நாளில் கொண்டாடுகின்றனர். லாகூர் சதி வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று அந்தமானுக்கு அனுப்பப்பட்ட கதர் இயக்கத்தின் சோகன் சிங் பக்னா போன்றோர், செல்லுலார் சிறையில் இந்தக் கதையை அறியாதவர்களாக இருந்திருக்க முடியாது. சிறை மீட்பின் திருநாள் என்று தீபாவளிக்கு ஒரு பொருள் சொல்ல வேண்டுமானால், அதைச் சொல்ல அயோத்தியைவிட அந்தமானுக்கே தகுதி அதிகம்.

தீபாவளியே தமிழருடையது அல்ல என்ற வாதம் நம்மிடையே உண்டு. அசுரனைக் கொன்ற நாளைத் திராவிடர் கொண்டாடலாமா என்று பெரியார் எழுப்பிய கேள்வி, இன்றும் அரசியல் வாழ்த்துச் செய்திகளில் எதிரொலிக்கிறது. கேள்வி நியாயமானது. "இருள் அகன்றது, ஒளி வந்தது" என்ற வாசகத்தைக் கிரேட் அந்தமானியரிடம் சொல்லிப் பாருங்கள். 1858-இல் சில ஆயிரம் பேராக இருந்த அந்தப் பழங்குடியினர், வந்தேறிகள் கொண்டுவந்த நோய்களாலும் மோதல்களாலும் இன்று சில பத்துப் பேராகச் சுருங்கிவிட்டனர். ஆயினும், எந்தக் கதையும் அனைவருக்குமானதன்று என்பதே இதிலிருந்து பெறத்தக்கது. ஆகையால் எவரும் கொண்டாடக் கூடாது என்பதன்று.

தில்லிக்கு இது எளிதில் புரிவதில்லை. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம், தீபாவளிக்கு இரவு 8 மணி முதல் 10 மணி வரை மட்டுமே பட்டாசு வெடிக்கலாம் என்று நாடு முழுமைக்கும் உத்தரவிட்டது. எங்கள் பண்டிகை விடியற்காலையில் என்று தமிழக அரசு முறையிட்ட பிறகே, அந்த இரண்டு மணி நேரத்தை மாநிலமே பிரித்துக்கொள்ளலாம் என அதே மாதம் 30-ஆம் தேதி திருத்தம் வந்தது. முறையிடத் தமிழகத்துக்கு ஓர் அரசு இருந்தது. அந்தமானுக்குச் சட்டப்பேரவையே கிடையாது. மக்களவையில் ஒரே ஓர் உறுப்பினர். நிர்வாகம் துணைநிலை ஆளுநர் வழியாக மத்திய அரசின் கையில். போர்ட் பிளேர், 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆனதும் தில்லியின் அறிவிப்பால்தான்.

விடுமுறை விதியும் அப்படியே. நரக சதுர்த்தசியை மட்டுமே ஒரு மாநில அரசு தீபாவளிக்கான கட்டாய விடுமுறையாக அறிவித்திருந்தால், அங்குள்ள மத்திய அரசு அலுவலகங்களும் அன்றே விடுமுறை விடலாம் என்று மத்தியப் பணியாளர் மற்றும் பயிற்சித் துறையின் சுற்றறிக்கைகள் கூறுகின்றன. நல்ல ஏற்பாடே. ஆனால், ஒரு மாநிலத்துக்கு ஒரு வழக்கம் என்ற கணக்கின் மீது எழுந்த ஏற்பாடு அது. எண்ணெய்க் குளியலும் காளி பூஜையும் சுவருக்கு இருபுறமும் நடக்கும் ஊரை அது எண்ணிப் பார்க்கவில்லை. சதுர்த்தசி விடியலும் அமாவாசை மாலையும் பல ஆண்டுகளில் ஒரே தேதியில் அமைந்துவிடுவதால் சிக்கல் வெளியே தெரிவதில்லை. அவை பிரியும் ஆண்டுகளில்தான் தெரியும். அத்தகைய ஆண்டுகளில், தீவுகளில் பணிபுரியும் மத்திய அரசு ஊழியர் இரண்டு நாள்களில் தமக்குரியதைத் தாமே தேர்ந்துகொள்ளலாம் என்று அந்தச் சுற்றறிக்கையில் ஒரு வரி சேர்ப்பதற்குச் சட்டத் திருத்தம் எதுவும் வேண்டியதில்லை.