படத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள்

நாம் படம் 'எடுக்கிறோம்'. சிலர் படம் 'பிடிக்கிறோம்' என்பார்கள். துருக்கிக்காரர்கள் படத்தை 'இழுக்கிறார்கள்'. அவர்கள் சொல்லும் 'செக்மெக்' என்ற வார்த்தைக்கு இழுப்பது என்றுதான் அர்த்தம். மூன்றிலுமே எதிரே நிற்பவரிடமிருந்து ஏதோ ஒன்று நம் கைக்கு வந்துவிடுகிறது. கொடுப்பது என்ற பேச்சே இல்லை. முப்பத்தைந்து வருடம் ஸ்டூடியோ நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: கொடுத்தால்தான் படம் முடிந்தது.

எங்கள் காலத்தில் இதைச் சொல்லவே வேண்டியிருக்காது. நெகட்டிவ் எங்களிடம் இருக்கும், பிரிண்ட் அவர்களுடையது. கவரைப் பிரித்து, 'அம்மா கண்ணை மூடிட்டாங்களே' என்று சலித்துக்கொள்ள அங்கே ஒரு குடும்பம் காத்திருக்கும். இன்றைக்குச் சுற்றுலா போகிறவர்கள் ஆயிரம் முகங்களைப் போனில் அள்ளிக்கொண்டு வருகிறார்கள். ஒரு முகமாவது அதன் சொந்தக்காரரிடம் திரும்பிப் போயிருக்குமா?

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் பொலாட்லி. அங்காராவிலிருந்து தென்மேற்கே சுமார் 80 கிலோமீட்டரில் உள்ள சந்தை ஊர். மருமகனுக்கு அங்காராவில் வேலை. நானும் வீட்டுக்காரியும் சில வாரங்கள் போய்த் தங்கியிருந்தோம். பொலாட்லி போகலாம் என்றதும், 'அங்க பார்க்க ஒண்ணுமில்லையே மாமா' என்றார். ஒன்றுமில்லாத ஊரில்தான் மனிதர்களைப் பார்க்க நேரம் கிடைக்கும் என்று கிளப்பிக்கொண்டு போனேன்.

சுற்றிலும் மரமில்லாத மேட்டுநிலம். கோதுமையும் பார்லியும்தான் ஊரின் உயிர். வெங்காயத்துக்கும் பெயர் உண்டு. நாங்கள் போனது அறுவடைக் காலம். தெருவில் பறந்த தூசியில் பாதி மண், பாதி உமி. லென்ஸ் துடைக்கிற துணி ஒரு மணி நேரத்தில் நிறம் மாறிவிட்டது. ஆனால் தூசி உள்ள ஊரில் சாயங்கால வெயில் தனி அழகு. வெளிச்சம் சல்லடையில் சலித்து விழுகிற மாதிரி இருக்கும்.

வெளிநாட்டுக்காரர்கள் இந்த ஊரைத் தாண்டிப் போவது பக்கத்திலுள்ள கோர்டியோனுக்காக. அலெக்சாண்டர் கி.மு. 333இல் முடிச்சை வாளால் வெட்டினான் என்று கதை சொல்கிறார்களே, அந்த இடம். தொட்டதெல்லாம் பொன்னாகும் மைடாஸ் ராஜாவின் பெயரில் 53 மீட்டர் உயரத்துக்கு ஒரு மண்மேடு இருக்கிறது. உள்ளே கி.மு. 740 வாக்கில் மரத்தால் கட்டிய கல்லறை அறை இன்னும் விழாமல் நிற்கிறது. அது மைடாஸுடையதல்ல, அவன் தகப்பனுடையதாக இருக்கலாம் என்பதே இப்போதைய கருத்து. 2023இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. பார்க்க வேண்டிய இடம்தான், மறுக்கவில்லை. ஆனால் செத்த ராஜாவுக்கு ஆயிரம் கேமரா. பக்கத்து ஊர்ச் சந்தையில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றுகூட இல்லை.

சந்தையில் வெங்காயம் விற்ற ஒரு பாட்டியிடம் கேமராவைக் காட்டிச் சைகையில் கேட்டேன். அவர் புருவத்தை உயர்த்தி, தலையை லேசாகப் பின்னால் சாய்த்து, நாக்கால் 'த்ச்' என்றார். நம் ஊரில் உச்சுக் கொட்டினால் பரிதாபப்படுகிறார்கள் என்று அர்த்தம். அங்கே அதற்கு 'முடியாது' என்று பொருள். கேமராவை இறக்கிக்கொண்டு இரண்டு கிலோ வெங்காயம் வாங்கினேன். அதற்குச் சிரித்தார். அந்தச் சிரிப்பு என்னிடம் படமாக இல்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. மறுக்கிற உரிமை அவருக்கு இருந்தால்தான் அடுத்தவர் சொல்கிற சம்மதத்துக்கு மதிப்பு.

அந்தச் சம்மதம் டீக்கடையில் கிடைத்தது. ஆண்கள் மட்டுமே உட்காரும் கடை. இடுப்பு சிறுத்த கண்ணாடி டம்ளரில் பால் இல்லாத டீ, பக்கத்தில் சர்க்கரைக் கட்டி. நான்கு பெரியவர்கள் கட்டை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். மருமகன் அவர்களை 'அம்ஜா' என்று கூப்பிட்டுப் பேசினார். சித்தப்பா, பெரியப்பா என்கிற மாதிரி. 1921இல் அங்காராவை நோக்கி வந்த கிரேக்கப் படையை முஸ்தஃபா கெமாலின் படை 22 நாள் போரிட்டு நிறுத்தியது இந்த வட்டாரத்தில்தான். பீரங்கிச் சத்தம் அங்காரா வரை கேட்டதாம். அந்தக் கதையை ஒருவர் சர்க்கரைக் கட்டிகளை மேஜைமேல் அடுக்கி எனக்கு விளக்கினார். கடைசியில் கிரேக்கப் படையை டீயில் போட்டுக் கலக்கிக் குடித்துவிட்டார்.

படம் எடுக்கலாமா என்று கேட்டதும் நால்வரும் மாறிப்போனார்கள். தொப்பியைச் சரிசெய்தார்கள், கோட்டுப் பொத்தானைப் போட்டார்கள், முழங்காலில் கை வைத்து நிமிர்ந்தார்கள். என் ஸ்டூடியோ முக்காலியில் உட்கார்ந்த நம் ஊர்ப் பெரியவர்களேதான்! 'இயல்பாக இருங்கள்' என்று நான் சொல்லவில்லை. விறைப்பாக உட்காருவது அவர் தன்னை எப்படிக் காட்ட விரும்புகிறார் என்பதற்கு அடையாளம். அதைக் கலைக்க நாம் யார்?

அதே தெருவில் ஒரு ஸ்டூடியோ இருந்தது. கண்ணாடி அலமாரியில் கல்யாண ஜோடிகள், ராணுவ உடையில் பையன்கள், சுன்னத்துக்காக வெள்ளை உடுப்பும் சால்வையும் கிரீடமுமாக நின்ற சிறுவர்கள். மைடாஸ் மண்மேட்டில் காணாத ராஜாக்களை இங்கே கண்டேன். காதணி விழாவுக்குப் பையனை அலங்கரித்து நம்மிடம் அழைத்து வருவார்களே, அதே பெருமை அந்த முகங்களிலும். நானும் இந்தத் தொழில்தான் என்றதும் கடைக்காரர் தன் நாற்காலியை எனக்குக் கொடுத்தார். நான்கு பிரிண்ட் போட்டு வாங்கிக்கொண்டு டீக்கடைக்குத் திரும்பினேன்.

ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். அவர்களில் மூத்தவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு 'எலினே சாலிக்' என்றார். உன் கைக்குச் சுகம் உண்டாகட்டும் என்று அர்த்தமாம். சமைத்தவரிடமும் கைவேலை செய்தவரிடமும் சொல்வார்களாம். எத்தனையோ கல்யாணங்கள் எடுத்திருக்கிறேன். என் கையை வாழ்த்தி யாரும் சொன்னதில்லை.

'வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாமே, எதற்குப் பிரிண்ட்?' என்று பேரன் கேட்கிறான். தாராளமாக அனுப்பு, அதுவும் கொடுப்பதுதான். ஆனால் அனுப்ப வேண்டும் என்று நினைத்தால் எண்ணைக் கேட்க வேண்டும், பெயரைக் கேட்க வேண்டும், இரண்டு நிமிடம் நிற்க வேண்டும். நம்மவர்கள் அந்த இரண்டு நிமிடத்தைத்தான் தர மறுக்கிறோம்.

ஓய்வுக்குப் பிறகு பிள்ளைகள் தயவில் ஊர் சுற்றும் நண்பர்களுக்கு என் யோசனை இது. ஒரு நாளைக்கு மூன்று முகம் போதும். கேட்டு எடுங்கள். 'த்ச்' என்றால் வெங்காயம் வாங்கிக்கொண்டு நகருங்கள். சரி என்றால், ஊரை விட்டுக் கிளம்பும் முன் அவர் படத்தை அவர் கையில் சேர்த்துவிடுங்கள்.