தச்ச புத்தகமும் ஒட்டுன புத்தகமும்

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மியா இருந்த ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி. ரொம்ப நாளா தள்ளிப் போட்டிருந்த 'பொன்னியின் செல்வன்' மறுவாசிப்பை ஆரம்பிச்சுடலாம்னு முதல் பாகத்தை எடுத்தேன். 2018 சென்னை புத்தகக் காட்சியில, வழக்கமான பத்து சதவீதக் கழிவுல வாங்கினது. பளபளன்னு அட்டை. நடுவுல விரிச்சதும் 'படக்'னு ஒரு சத்தம். முப்பது நாப்பது பக்கம் கொத்தா கையோட வந்துடுச்சு. ஒரே ஒரு தடவைதான் படிச்சிருக்கேன் மக்களே!

அதே அலமாரியோட கீழ்த்தட்டுல இதே நாவலோட இன்னொரு பிரதி இருக்கு. வயசு எழுபதுக்கும் மேல. தாள் பழுப்பேறி ஓரம் பொடியுது. ஆனா ஒரு பக்கம்கூட கழண்டு வரலை.

இப்போ கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 'கல்கி'யில 1950ல ஆரம்பிச்சு 1954 வரைக்கும் இது தொடரா வந்தப்போ, எங்க ஆச்சியோட அப்பா வாராவாரம் அந்தப் பக்கங்களை மட்டும் பிரிச்சு எடுத்து சேர்த்து வச்சிருக்கார். பாகத்துக்கு ஒண்ணா அஞ்சு பைண்டு. மணியம் வரைஞ்ச படங்களும் அப்படியே இருக்கும், கூடவே அந்தக் காலத்து விளம்பரங்களும். ஆச்சி கல்யாணமாகி வந்தப்போ டிரங்குப் பொட்டியில சேலையோட சேலையா அந்த அஞ்சும் திருநெல்வேலிக்கு வந்து சேர்ந்துச்சாம். ரெண்டு பாகம் இரவல் போய் திரும்பலை. மிச்சம் மூணு.

வாரப் பத்திரிகைப் பக்கத்தை பைண்ட் பண்றதுல ஒரு சிக்கல் உண்டு. தனித்தனித் தாளா இருக்கறதால, ஓரத்துல ஓட்டை போட்டுத்தான் தைக்கணும். உள்பக்கம் இடம் கம்மியா இருந்தா, வரிக்கு ஒண்ணு ரெண்டு எழுத்து தையலுக்குள்ள போயிடும். சின்ன வயசுல ஆச்சி வாசிச்சுக் காட்டும்போது ஒருநாள் கேட்டேன். "ஆச்சி, அங்க எழுத்தே இல்லையே, எப்படி வாசிக்கிய?" ஆச்சி கண்ணாடிய இறக்கிட்டு, "அது நூலுக்குள்ள இருக்குல. எனக்குத் தெரியும்"னா. அம்புட்டுதான் பதில்.

சரி, மேட்டருக்கு வரேன். முறையா தைக்கிற புத்தகத்துல, பெரிய தாள்ல அச்சடிச்சு மடிப்பாங்க. மூணு மடிப்பு மடிச்சா 16 பக்கம், அது ஒரு ஃபாரம். ஒவ்வொரு ஃபாரத்தையும் மடிப்பு வழியா நூல் விட்டுத் தச்சு, அப்புறம்தான் முதுகுல பசை, அட்டை எல்லாம். இப்போ பரவலா இருக்கற முறையில அந்த மடிப்பையே வெட்டி எறிஞ்சுட்டு, முதுகைச் சொரசொரப்பாக்கி சூடான பசையில ஒட்டிடறாங்க. பசை காய்ஞ்சு இறுகினா முடிஞ்சது கதை. இதுக்குப் பேரு 'பெர்ஃபெக்ட் பைண்டிங்'. பேர் வச்சவருக்கு நக்கல் ஜாஸ்தி :)

அடுத்த புத்தகக் காட்சியில ஒரு ஸ்டால்ல, "ஏன் சார் தைக்க மாட்டேங்கறீங்க?"ன்னு கேட்டே விட்டேன். சண்டைக்குத் தயாராத்தான் போனேன். அவர் பொறுமையா சொன்னார். "தம்பி, முந்நூறு பிரதி போடறோம். டிஜிட்டல்ல ஒத்தை ஒத்தைத் தாளா வருது. மடிப்பே இல்ல, எதைத் தைக்க? தச்சுத்தான் போடணும்னா பாதிப் புத்தகத்தைப் போடவே முடியாது."

யோசிச்சா அவர் சொல்றதும் நியாயம்தான். பல வருஷமா கிடைக்காத புத்தகமெல்லாம் இன்னிக்கு மறுபடி அச்சுல கிடைக்குதுன்னா இந்த முறையும் ஒரு காரணம். கல்கி எழுத்துகள் 1999ல நாட்டுடைமை ஆனதால 'பொன்னியின் செல்வன்' எத்தனையோ பதிப்பகத்துல கிடைக்குது. மலிவா வந்ததாலதான் காலேஜ் பசங்க கையிலும் இருக்கு. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனா ஒரு கேள்வி. கொல்லத்துல 1578ல அச்சான 'தம்பிரான் வணக்கம்' மொத்தமே 16 பக்கம். அதோட ஒரு பிரதி இன்னிக்கும் ஹார்வர்ட் பல்கலைக்கழக நூலகத்துல இருக்கு. ரோஜா முத்தையா காரைக்குடி பக்கம் கோட்டையூர்ல உக்காந்து சேர்த்ததுதான், அவர் 1992ல மறைஞ்ச பிறகு இன்னிக்கு சென்னையில பெரிய ஆராய்ச்சி நூலகமா நிக்குது. யாரோ ஒருத்தர் பாதுகாத்தாதான் புத்தகம் தங்கும். நாம இன்னிக்கு வாங்கறதை யாராவது பாதுகாக்க நினைச்சா, அதுக்கு வழி வச்சிருக்கோமா?

பொட்டி தட்டறவன் பாஷையில சொன்னா, முதல் ரிலீஸ் பக்காவா இருக்கணும்னு அவசியம் இல்ல. பின்னாடி வர்றவன் சரி பண்ற மாதிரி இருக்கணும். அதனால பதிப்பகங்கள்கிட்ட நான் கேக்கறது ரெண்டே விஷயம். ஒண்ணு, தச்சதா ஒட்டுனதான்னு பதிப்பு விவரப் பக்கத்துல ஒரு வரி போடுங்க. தச்ச பதிப்புக்கு ஐம்பது நூறு கூடக் குடுக்க என்னை மாதிரி ஆளுங்க இருக்கோம். ரெண்டு, ஒட்டத்தான் முடியும்னா உள்பக்க மார்ஜினை மட்டும் கால் அங்குலம் கூட்டி விடுங்க. பசை விட்டுப் போனாலும் பைண்டர் ஓரத்துல தச்சுக் குடுத்துடுவார், எழுத்து தப்பிக்கும்.

போன தடவை ஊருக்குப் போனப்போ, கணக்கு நோட்டு பைண்ட் பண்ற ஒரு சின்னக் கடைக்கு அந்த உதிர்ந்த புத்தகத்தை எடுத்துட்டுப் போனேன். மைதா பசையில துத்தம் கலந்து வச்சிருந்தார், பூச்சி அரிக்காதாம். மார்ஜினைப் பாத்துட்டு, "தைக்கலாம் தம்பி, ஆனா எழுத்து கொஞ்சம் உள்ள போகும்"னார். வேண்டாம்னு திருப்பி வாங்கிட்டு வந்துட்டேன்.

ஏன்னா ஆச்சி 2019ல போயிட்டா. நூலுக்குள்ள என்ன எழுத்து இருக்குன்னு சொல்ல இப்போ ஆள் இல்ல. பழைய பைண்டை மடியில வச்சுத்தான் படிக்கிறேன். தையல் முழுங்கின இடம் வந்தா, உதிர்ந்த கட்டுல அந்த வரியைத் தேடிப் பாத்துக்கறேன். இப்போதைக்கு ரெண்டு புத்தகமும் வேண்டியிருக்கு.

பி.கு: உங்க ஊர்ல இன்னும் கையால தைக்கிற பைண்டர் இருந்தா, வீட்டுல உதிர்ந்து கிடக்கறதை ஒரு நடை எடுத்துட்டுப் போங்க. மார்ஜினை மட்டும் முதல்ல பாத்துக்கங்க!