கத்திக்கு என்ன அவசரம்?

'கதை எழுதுகிறவர் கதையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாதா?' என்று ஒரு டாக்டர் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். இரண்டு இதழ்களுக்கு முன் என் மைத்துனர் விஷயத்தை நாலு வரியில் சொல்லியிருந்தேன் அல்லவா? அதற்குத்தான் இந்தக் கோபம்.

நாலு வரியில் சொன்னது தப்புத்தான். விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

மைத்துனருக்கு வயது 63. உடம்பில் ஒரு குறையும் கிடையாது. பிறந்த நாளுக்கு அவர் பிள்ளை 'முழு உடல் பரிசோதனை' ஒன்றைப் பரிசாக ஏற்பாடு செய்தான். (முன்னெல்லாம் பிள்ளைகள் வேஷ்டி வாங்கி அனுப்புவார்கள்.) ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்று ஒன்று, அதன் அளவு சற்றுக் கூடுதல் என்றார்கள். ஊசியால் சதை எடுத்துப் பார்த்தார்கள். புராஸ்டேட் சுரப்பியில் புற்று. சிறியது, சுரப்பியைத் தாண்டாதது, தீவிரம் குறைந்த ரகம். மூன்றாவது வாரம் ஆபரேஷன் ஆகிவிட்டது. சனியன் ஒழிந்தது என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

அந்த வருஷம் மார்கழியில் மைத்துனர் கச்சேரிக்கு வரவில்லை. மறு வருஷமும் வரவில்லை. இரண்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தால் வேஷ்டி நனைந்துவிடுமோ என்ற பயம். அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. அவர் மனைவி என் மனைவியிடம் சொல்லி, சுற்றி வளைத்து என் காதுக்கு வந்தது. நம் ஆண்பிள்ளைகள் லட்சணம் அது. ரத்தக் கொதிப்பைப் பற்றித் திண்ணையில் உட்கார்ந்து பேசுவார்கள். இடுப்புக்குக் கீழே ஒன்று என்றால் வாய் திறக்க மாட்டார்கள்.

'புற்று என்று தெரிந்த பிறகு கையைக் கட்டிக்கொண்டிருக்கச் சொல்கிறீரா?' என்று டாக்டர் கேட்கிறார். நான் யார் சொல்ல? பிரிட்டனில் 'புரொடெக்ட்' என்று ஓர் ஆராய்ச்சி நடந்தது. 1999 முதல் 2009 வரை, 50 முதல் 69 வயதுக்குள்ளான 82,429 ஆண்களுக்கு இதே ரத்தப் பரிசோதனை. சுரப்பிக்குள் அடங்கிய புற்று இருந்தவர்கள் 2,664 பேர். அவர்களில் 1,643 பேர், சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் விழுந்த வைத்தியத்தை ஏற்கச் சம்மதித்தார்கள். ஒரு பகுதிக்கு ஆபரேஷன். ஒரு பகுதிக்குக் கதிர்வீச்சு. மற்றவர்களுக்குக் கண்காணிப்பு மட்டும். பதினைந்து வருஷக் கணக்கு 2023-ல் வெளிவந்தது. மொத்தம் 356 பேர் காலமாகியிருந்தார்கள். இந்தப் புற்றினால் போனவர்கள் 45 பேர்! கண்காணிப்பில் 100-க்கு 3.1, ஆபரேஷனில் 2.2, கதிர்வீச்சில் 2.9. கணக்கு நிபுணர்கள் இதை ஒரு வித்தியாசமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஆபரேஷன் ஆனவர்களில் 100-க்கு 46 பேர் ஆறாவது மாதத்தில் உள்ளே துணி வைத்துக்கொண்டு நடந்தார்கள். ஆறு வருஷம் கழித்தும் 17 பேர். கண்காணிப்பில் இருந்தவர்களில் அது 4-ம் 8-ம்தான். தாம்பத்திய விஷயத்தில் கணக்கு இன்னும் மோசம். குடும்பப் பத்திரிகையாதலால் அதை விட்டுவிடுகிறேன்.

டாக்டர் பக்கத்து நியாயத்தை மறைக்க மாட்டேன். கண்காணிப்பில் இருந்தவர்களில் 100-க்கு 9.4 பேருக்குப் புற்று உடம்பில் பரவியது, ஆபரேஷனில் 4.7 பேருக்குத்தான். கண்காணிப்பில் தொடங்கியவர்களில் 61 சதவிகிதம் பேர் பிற்பாடு கத்தியையோ கதிரையோ நாடத்தான் செய்தார்கள். சேர்ந்தவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் வெள்ளையர். தீவிர ரகப் புற்றுக்காரர் காத்திருக்கக் கூடாது; தொந்தரவு கண்டும் வெட்கப்பட்டு ஒளித்து வைக்கிறவரையோ நானே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவேன். என் சண்டை அவசரத்தோடுதான்.

எழுத்தாளனுக்கு இதில் என்ன வேலை என்கிறாரே, அதற்கும் பதில் இருக்கிறது. அந்த ஆராய்ச்சியில் ஆரம்பத்தில் யாரும் லேசில் சேரவில்லை. சம்மதித்தவர்கள் 100-க்கு 30, 40 பேர். பிரிஸ்டல் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஜென்னி டோனவன் என்ற அம்மாள், டாக்டர்கள் நோயாளிகளிடம் பேசியதைப் பதிவு செய்து கேட்டார். மூன்றாவது வழிக்கு டாக்டர்கள் வைத்திருந்த பெயர் 'கவனித்துக் காத்திருத்தல்'. 'நான் சாகிறதைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்களா?' என்றே நோயாளிகளுக்கு அது அர்த்தமாகியிருக்கிறது! அதைத் 'தீவிரக் கண்காணிப்பு' என்று மாற்றினார்கள். மூன்று வழிகளையும் பட்சபாதமில்லாமல் எடுத்துச் சொல்லப் பழகினார்கள். சம்மதம் 70-க்கு ஏறியது. வார்த்தைக்கு அவ்வளவு பலம் இருக்குமானால், வார்த்தையை வைத்துப் பிழைக்கிற நான் ஏன் வாயை மூடிக்கொள்ள வேண்டும்?

என் மைத்துனரிடம் மூன்று வழிகளையும் ஒருவர் சொல்லவில்லை. 'கேன்சர்', 'உடனே' என்ற இரண்டு வார்த்தைகள்தான் அந்த அறையில் பேசப்பட்டன. கேட்டுவிட்டு அவர் கத்தியையே தேர்ந்தெடுத்திருக்கலாம். அது அவர் இஷ்டம். கேட்கவே இல்லையே, ஸ்வாமி!

கடிதத்தின் கடைசி வரியில் டாக்டர் எழுதுகிறார்: 'இந்தச் சதவிகிதமெல்லாம் சாதாரண நோயாளிக்குப் புரியாது.' மைத்துனர் ரயில்வே கணக்கு இலாகாவில் முப்பத்து நாலு வருஷம் சதவிகிதம் போட்டே சம்பளம் வாங்கியவர்.