மறுகால் பாயட்டும்: நகரங்களின் அறிவுப் பகிர்வுக்கான பிரகடனம்

ஒரு நகரம் பாடுபட்டுக் கற்றது அடுத்த நகரத்துக்குப் பொதுச்சொத்தாக வேண்டும். இதற்காகவே இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். மாநகராட்சிப் பொறியாளர்கள், மாமன்ற உறுப்பினர்கள், தூய்மைப் பணி மேற்பார்வையாளர்கள், ஏரி காக்கும் ஊர்க்காரர்கள், குடியிருப்போர் சங்கத்தார் எனக் கூடியிருக்கும் நாங்கள் அறிவிப்பது இது.

2011 கணக்கெடுப்பின்போதே தமிழ்நாட்டில் நூற்றுக்கு 48 பேர் நகரவாசிகள். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2019 கோடையில் அதே சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மறுபடியும் சென்னையில் வெள்ளம். இரண்டே வாரத்தில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் தத்தளித்தன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. அத்தனை மழையை எந்த வடிகாலும் தாங்காது என்பது உண்மை. ஆனால் சென்னை எட்டு ஆண்டுகளாகப் பட்டுத் தெரிந்துகொண்டதில் எவ்வளவு தாமிரபரணிக் கரைக்கு வந்து சேர்ந்திருந்தது? இந்தக் கேள்விதான் எங்களை ஒன்றுசேர்த்தது.

2015 ஜூனில் தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2025 மார்ச்சில் முடிந்தது. தமிழ்நாட்டில் 11 நகரங்கள் அதில் இருந்தன. கட்டுப்பாட்டு அறைகள் வந்தன, கேமராக்கள் வந்தன. திரையில் நீர்மட்டம் தெரிவது நல்லதே. ஆனால் வரத்துக்கால்வாயை ஆக்கிரமிப்புக்கு விட்டுவிட்டு ஏரியில் சென்சார் பொருத்துவதை முன்னேற்றம் என்று நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

பகிர்ந்தால் பலன் உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. 2010 மே மாத வெப்ப அலையில் அகமதாபாத்தில் வழக்கத்தைவிட 1,300-க்கும் அதிகமானோர் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டனர். 2013-ல் அந்நகரம் வெப்பச் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. அதைப் பார்த்து வேறு பல இந்திய நகரங்களும் தமக்கென எழுதிக்கொண்டன. அப்படியே பெயர்த்தெழுதுவதில் ஆபத்தும் இருக்கிறது. அகமதாபாத்தின் வறண்ட வெயிலுக்கு வகுத்த எச்சரிக்கை அளவு கடலோரப் புழுக்கத்துக்குப் பொருந்தாது. அதற்காகக் கேட்காமல் இருக்க வேண்டியதில்லை. 2011 ஜூலையில் பெருமழையில் சிக்கிய கோபன்ஹேகனின் அனுபவத்தைக் கேட்டறிய, 2015-ல் நியூயார்க் அந்நகரோடு ஒப்பந்தமே செய்துகொண்டது. பணக்கார நகரங்களே இன்னொரு ஊரிடம் கேட்கத் தயங்கவில்லை.

நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன்பிறகுதான் கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்து, உப்பையும் தண்ணீரையும் மீட்டு மறுபடி பயன்படுத்தும் முறை அங்கே வேரூன்றியது. சூரத் மாநகராட்சி 2014 முதல் சுத்திகரித்த கழிவுநீரைப் பாண்டேசரா ஆலைகளுக்கு விற்கிறது. சென்னையில் 2019 முதல் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைத் தொழிற்சாலைகளுக்கு ஏற்ற தண்ணீராக்கும் நிலையங்கள் உள்ளன. இந்த மூன்று ஊர்களிலும் நிலையங்களை இயக்குபவர்கள் ஒரே மேசையில் உட்கார வேண்டும். சவ்வு எத்தனை மாதத்தில் அடைத்துக்கொள்கிறது, மிஞ்சும் உப்பை என்ன செய்வது, மின்கட்டணம் எவ்வளவு, ஆலைக்காரர் எந்த விலைக்கு வாங்குவார் என்று பேசட்டும். அவர்களுக்குத் தெரிந்தது எந்த ஆலோசனை நிறுவனத்தின் அறிக்கையிலும் முழுசாக இருக்காது.

மேலேரி நிறைந்தால் மறுகால் பாய்ந்து கீழேரி பெருகும்படி வெட்டிவைத்த நாடு இது. நகரங்களின் அறிவும் அப்படிப் பாய வேண்டும்.

ஆகவே நாங்கள் கோருவது: பொதுப்பணத்தில் எழுதிய திட்ட அறிக்கை, ஒப்பந்தப்புள்ளி, பராமரிப்புச் செலவுக் கணக்கு எல்லாம் எல்லா நகரங்களுக்கும் திறந்திருக்க வேண்டும். சென்சார் தரும் தரவு, அதை விற்ற நிறுவனத்துக்கல்ல, நகரத்துக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். கற்றுவர வெளியூர் போவோரில் உதவிப் பொறியாளரும் தூய்மைப் பணியாளரும் இருக்க வேண்டும். ஆணையரும் மேயரும் மட்டும் போய்வரும் சுற்றுலாக்கள் போதும். குறிப்புகள் தமிழில் இருக்க வேண்டும். வாட்டம் பார்த்துக் குழாய் பதிக்கும் மேஸ்திரிக்கும் அவை புரிய வேண்டும். சொந்தமாக ஆய்வு நடத்த வசதியில்லாத பேரூராட்சிகளுக்கே இதில் முதலிடம்.

எல்லாவற்றிலும் கடினமான கோரிக்கை ஒன்று இருக்கிறது. தோற்ற திட்டங்களையும் வெளியிட வேண்டும். புதிதாகப் போட்ட வடிகால் எந்தத் தெருவில் வாட்டம் தப்பி எதிர்ப்பக்கம் ஓடியது, குப்பையை உரமாக்கும் கூடம் ஏன் பூட்டப்பட்டது என்று நேர்மையாக எழுதும் அலுவலருக்குத் தணிக்கைக் குறிப்போ இடமாற்றமோ பரிசாகக் கிடைக்கக் கூடாது. அந்தப் பாதுகாப்பை அரசாணையாகவே கேட்கிறோம். திறப்புவிழாப் படங்களால் எந்த நகரமும் எதையும் கற்றதில்லை.

இந்த இயக்கத்தில் சேரக் கட்டணம் இல்லை. உங்கள் ஊரில் முடங்கிய ஒரு திட்டத்தின் கோப்பையும், ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றின் செலவுக் கணக்கையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.