மூன்று எழுத்தும் பதினைந்து பைற்றும்

கணினித்துறை மாணவரிடையே ஒரு கருத்து வேரூன்றியுள்ளது. சி போன்ற கீழ்நிலை மொழிகளிற் சரங்களைக் கையாள்வது பழங்காலத் தொல்லை. பைத்தன் போன்ற ஸ்கிரிப்ற் மொழிகள் அச்சிக்கலைத் தீர்த்துவிட்டன. ஆதலால் இனி அதனைக் கற்பது வீண் என்பதே அது. இக்கூற்றின் முற்பகுதியில் உண்மை உண்டு. பிற்பகுதியோ தமிழில் நிரல் எழுத விழையும் எவரும் ஏற்கத்தகாத மயக்கமாகும்.

உண்மையை முதலில் ஒப்புக்கொள்வோம். 1970களின் தொடக்கத்தில் டெனிஸ் றிச்சி உருவாக்கிய சி மொழியிற் சரம் என்பது அடுத்தடுத்து நிற்கும் பைற்றுகளின் வரிசையே. அதன் நீளம் எங்கும் குறிக்கப்படுவதில்லை. பூச்சியப் பைற்று எதிர்ப்படும்வரை எண்ணிச் செல்லவேண்டும். ஒதுக்கிய இடத்தை மீறி எழுதினாலும் மொழி தடுக்காது. 1988இல் இணையத்தைத் திணறவைத்த மொறிஸ் புழு நுழைந்த வழிகளுள் இதுவும் ஒன்று. பைத்தனில் நினைவகத்தை மொழியே பேணுவதால் நிரலாளனுக்கு இத்தொல்லை இல்லை.

ஆயின், சிக்கல் தீர்ந்துவிட்டதா? 'தமிழ்' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். யூரீஎப்-8 குறிமுறையில் அமைந்த அச்சொல்லின் நீளத்தைச் சி மொழியிடம் கேட்டால் 15 என்னும். இன்றைய பைத்தனிடம் கேட்டால் 5 என்னும். அரிச்சுவடி பயிலும் குழந்தையிடம் கேட்டால் 3 என்னும். சி எண்ணியது பைற்றுகளை. பைத்தன் எண்ணியது, இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனி உறுப்பாகக் கொள்ளும் யூனிக்கோட் குறியீடுகளை. எழுத்தை எண்ணியது குழந்தை மட்டுமே. அச்சொல்லைத் தலைகீழாக்குமாறு பைத்தனைப் பணித்தால், புள்ளி முதலில் அந்தரத்தில் நிற்கும்; இகரம் மகரத்தை விட்டு ழகரத்தில் ஏறும்.

அகரவரிசையின் நிலை இன்னும் மோசம். கப்பல் முன்னும் கனி பின்னும் வருவதே எமது அகராதி மரபு. யூனிக்கோட் வரிசையில் னகரம் பகரத்துக்கு முன் நிற்பதால், பைத்தனின் இயல்பான வரிசைப்படுத்தல் கனியை முன்வைக்கும். நூலகப் பட்டியலும் பெயர்ப் பதிவேடும் இவ்வாறு குழம்பினால் தேடுபவர் கதி யாது?

சி மொழி தான் எழுத்தை அறிந்ததாகப் பாசாங்கு செய்வதில்லை. பைற்றையே எம் கையில் தருகின்றது. ஸ்கிரிப்ற் மொழியோ எழுத்தென்ற பெயரில் வேறொன்றைத் தருகின்றது. ஆங்கிலத்தில் இவை யாவும் ஒத்துப்போவதால் அவ்வேறுபாடு மறைந்துவிடுகின்றது. அம்மறைப்பையே நாம் வசதி எனப் போற்றுகின்றோம்.

இதற்கெனத் துணைநூலகங்கள் உண்டே என்பர். உண்டு, சுவிப்ற் மொழி இயல்பாகவே 3 என விடை தருகின்றது. ஆயினும், 5 பிழையென அறிந்தவனன்றோ துணைநூலகத்தைத் தேடுவான்?

பைத்தனைத் துறக்குமாறு யாம் கூறவில்லை. சரத்தின் அடியில் என்ன கிடக்கின்றதென்பதைச் சி மொழியில் ஒருமுறையேனும் கண்டபின் அதனைக் கையாளுங்கள் என்கிறோம். எழுத்து யாது என்னும் வினாவைத் தொல்காப்பியர் தம் நூலின் முதலதிகாரத்தில் வைத்தார். அவ்வினாவைத் தமிழறியா மொழியாக்குநரிடம் ஒப்படைத்துவிட்டுத் தமிழ்க் கணிமை பேசுவது வெறும் மேடைப்பேச்சே.